காயிலோவர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

காரைத் தரையோடு தரையா இறக்கி, ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி மாத்திட்டா அது ஸ்போர்ட்ஸ் கார் ஆயிடும்னு ஒரு மூடநம்பிக்கை கார் பைத்தியங்கள் நடுவுல ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கு. இங்கே கலிஃபோர்னியாவுல பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கும் அது தொத்திக்கிச்சு. கையில நாலு காசு சேர்ந்ததும் ஒரு பழைய மஸ்டா மியாட்டா. அடுத்த மாசமே காயிலோவர். அதுக்கடுத்த மாசம் முதுகுவலி :-)

நண்பர் ஒருத்தர் போன வாரம் 2,000 டாலர் தயாரா வெச்சிக்கிட்டு, "எது வாங்கலாம்?" னு கேட்டார். "எதுக்கு வாங்கறீங்க?" னு திருப்பிக் கேட்டேன். முறைச்சார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்கே எழுதறேன்.

மியாட்டாவையே உதாரணமா எடுத்துக்குவோம். 1989 சிகாகோ ஆட்டோ ஷோவுல அறிமுகமான கார். முதல் தலைமுறை 1997 வரைக்கும் வந்தது. எடை சுமார் ஒரு டன். நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். பின் சக்கரம்தான் தள்ளும். இதுக்கு முன்மாதிரின்னு எல்லாரும் சொல்றது 1962-ல வந்த லோட்டஸ் எலான். அந்த எலானோட ரகசியமே மெத்துனு இருக்கற ஸ்பிரிங்கும், அதை ஒழுங்கா அடக்கி வெச்ச டேம்பரும்தான். இந்தப் பரம்பரையில வந்த காருக்குக் கல்லு ஸ்பிரிங் போடறது, வீணை வித்வான் கையில சம்மட்டியைக் கொடுக்கற மாதிரி.

முதல் விஷயம், உயரம். சக்கரம் மேலே எழும்பறதுக்கு இருக்கற இடம் மியாட்டாவுல ஏற்கெனவே கம்மி. அந்த இடம் தீர்ந்தா ஷாக்குக்குள்ளே இருக்கற பம்ப் ஸ்டாப்ங்கற ரப்பர் கட்டையில போய் முட்டும். ஒரு கணக்கு பாருங்க. ஸ்பிரிங் வாங்கிக்கற ஆற்றல் அரை கே எக்ஸ் ஸ்கொயர். பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். காரை இறக்கி அந்த இடத்தைப் பாதியாக்கினா, அதே பள்ளத்தோட அதே அடியைத் தாங்க நாலு மடங்கு ஸ்பிரிங் வேணும். விக்கிற லோயரிங் ஸ்பிரிங் எதுவும் நாலு மடங்கு கிடையாது. மிச்சத்தை யார் தாங்கறது? ரப்பர் கட்டையும் உங்க முதுகெலும்பும்.

முதுகு போனாக்கூடப் பரவாயில்லை. வளைவுல போகும்போது பின்பக்கம் கட்டையில முட்டினா, அந்த நொடியில ஸ்பிரிங்கோட விறைப்பு எகிறிடும். பிடிப்பு சட்டுனு போகும். பின் சக்கரம் தள்ளற குட்டிக் கார், ஈர ரோடு, ஸ்கைலைன் மாதிரி மலைப்பாதை. அப்புறம் நடக்கறதுக்கு ஓட்டினவர் மட்டுமில்லை, பக்கத்து சீட்டுல இருக்கறவங்களும் விலை கொடுக்கணும். அதனாலதான் இதை வெறும் அழகு விஷயம்னு விட முடியலை.

இரண்டாவது, ஸ்பிரிங் எண். கடைக்காரர் 10 கிலோ/மிமீ, 6 கிலோ/மிமீன்னு அடுக்குவார். (1 கிலோ/மிமீ = 56 பவுண்டு/அங்குலம்.) அந்த எண்ணுக்கு மட்டும் ஒரு அர்த்தமும் இல்லை. ஸ்பிரிங் சக்கரத்துல நேரா உட்காரலை, கையோட நடுவுல எங்கேயோ உட்கார்ந்திருக்கு. அதனால மோஷன் ரேஷியோவோட ஸ்கொயரால பெருக்கினாத்தான் சக்கரத்துக்கு வந்து சேர்றது தெரியும். ரேஷியோ 0.7, ஒரு மூலைக்கு 220 கிலோன்னு வெச்சுக்குவோம். 6 கிலோ/மிமீ போட்டா அதிர்வெண் சுமார் 1.8 ஹெர்ட்ஸ். 10 போட்டா 2.35 ஹெர்ட்ஸ். சாதாரண குடும்பக் கார் 1-லிருந்து 1.5 வரை. ரோட்டுல ஓட்டற ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.5-லிருந்து 2 வரை போதும். அதுக்கு மேலே போனா ரேஸ் டிராக் சமாச்சாரம். ஆக, முதல்ல ஹெர்ட்ஸை முடிவு பண்ணுங்க, ஸ்பிரிங் எண் தானா வரும். ரெக்வயர்மென்ட் இல்லாம கோடு எழுத மாட்டோம்னு ஆபீஸ்ல மட்டும் சண்டை போடறோமே!

முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுங்கற கேள்விக்கும் பழைய பதில் இருக்கு. 1930-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலி என்ற இங்கிலாந்துப் பொறியாளர் சோதனை பண்ணிச் சொன்னது: முன்பக்க அதிர்வெண் பின்பக்கத்தை விடக் கொஞ்சம் குறைவா இருக்கணும். மேடு முதல்ல முன் சக்கரத்தைத் தட்டுது, பின் சக்கரம் தாமதமா வாங்குது. பின்பக்கம் வேகமா ஆடினாத்தான் முன்பக்கத்தோட சேர்ந்துக்கும், வண்டி ஊஞ்சல் ஆடாது. டிராக் ஆட்கள் சிலர் இதைத் தலைகீழாவும் வைப்பாங்க. ஆனா அவங்களுக்கு வழுவழு ரோடு, நமக்கு ஃப்ரீவே காங்கிரீட் இணைப்பு!

மூணாவது, "ரிங்கைத் திருகினா ஸ்பிரிங் இறுகும்" ங்கற கதை. சுருள் ஸ்பிரிங்கோட விறைப்பைத் தீர்மானிக்கறது கம்பியோட தடிமன், சுருளோட விட்டம், சுருள்களோட எண்ணிக்கை, உலோகம். அவ்வளவுதான். கம்பியை 10 சதவீதம் தடியாக்கினா விறைப்பு 46 சதவீதம் ஏறும், ஏன்னா அங்கே நாலாம் அடுக்கு. ரிங் அந்த ஃபார்முலாவுல எங்கேயுமே வரலை. நேர்கோட்டு ஸ்பிரிங்ல ரிங் மாத்தறது காரோட உயரத்தை மட்டும்தான். இன்னொண்ணு, எட்டுச் சுருள்ல ஒண்ணை வெட்டினா விறைப்பு 14 சதவீதம்தான் கூடும், உயரம் மட்டும் நல்லாவே இறங்கும். வெட்டறவங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

கடைசியா டேம்பர். பணம் போக வேண்டிய இடம் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஸ்பிரிங் இரும்புக் கம்பி. ஐபாக், ஹெச் அண்ட் ஆர், ஸ்விஃப்ட்னு நல்ல பேர் எடுத்த எதுவும் சொன்ன எண்ணைத் தரும். டேம்பர் அப்படி இல்லை. ஸ்பிரிங்கை இரண்டு மடங்காக்கினா டேம்பிங்கும் சுமார் 1.4 மடங்கு ஆகணும், இல்லைன்னா வண்டி பந்து மாதிரி துள்ளும். "32 கிளிக் இருக்கு சார்" ம்பாங்க. ஒரு கிளிக்குக்கும் அடுத்ததுக்கும் விசை எவ்வளவு மாறுதுன்னு டைனோ வரைபடம் கேளுங்க. கிளிக்கைத் திருகும்போது அமுங்கறதும் நீளறதும் சேர்ந்தே மாறுதான்னு கேளுங்க. எண்ணெய் கசிஞ்சா திறந்து சரி பண்ணித் தருவீங்களான்னும் கேளுங்க. இந்த மூணுக்கும் பதில் இல்லைன்னா வாங்காம வந்துடுங்க. கிளிக்கே இல்லாத ஒரு பில்ஸ்டைன், பதில் இல்லாத 32 கிளிக்கை விட நிம்மதி.

"அப்போ காயிலோவரே வேண்டாமா?" ன்னார் நண்பர். வேணும். நாலு மூலை எடையையும் சமன் பண்ணணும்னா, ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் பார்க்கணும்னா அதை விட்டா வழி இல்லை. ஆனா அது கடைசிப் படி. முப்பது வயசு தாண்டின கார்ல ரப்பர் புஷ்ஷெல்லாம் பாறையா இறுகிப் போயிருக்கும். முதல்ல அது, அப்புறம் நல்ல டயர், அப்புறம் அலைன்மென்ட். இத்தனைக்கு அப்புறமும் குறை தெரிஞ்சாத்தான் டேம்பரும் ஸ்பிரிங்கும். நண்பர் இப்போ புஷ் விலை விசாரிச்சுக்கிட்டு இருக்கார். நல்ல அறிகுறி.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா அந்தக் கார்ல பத்து மைல் முகம் சுளிக்காம உட்கார்ந்து வரணும். வளைவு நிறைஞ்ச மலைப்பாதையில உங்களுக்கும் சிரிப்பு வரணும். இரண்டும் ஒரே கார்ல முடியும். இறக்கின உயரத்தை மட்டும் பார்த்து மார்க் போடறவங்களுக்கு இது புரியாது.

டிஸ்கி: மேலே இருக்கற 0.7, 220 எல்லாம் கணக்குக்காக வெச்சது. உங்க காரை எடை போட்டு, அளந்து, அப்புறம் பெருக்குங்க. என்னைத் திட்டாதீங்க :-)