கத்தரிக்கோல் யாருடையது?

2025 மே 4-ம் தேதி டில்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஐதராபாத்தில் இருக்கும் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.ஆர்.ஆர். ரைஸ் 100. செல்லப் பெயர் கமலா. மற்றது, டில்லி பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இரண்டும் கிரிஸ்பர் முறையில் மரபணு திருத்தம் செய்யப்பட்டவை. நெல்லில் இப்படி ரகம் அறிவித்த முதல் நாடு இந்தியாதான் என்று பெருமை பேசப்பட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது. ஒரு பக்கம், இரண்டாம் பசுமைப் புரட்சி வந்தேவிட்டது என்று ஆடிய கூட்டம். மறுபக்கம், பி.டி. கத்தரிக்காய் காலத்துத் துண்டுப் பிரசுரங்களைத் தூசி தட்டி, 'பி.டி.' இருந்த இடத்தில் 'கிரிஸ்பர்' என்று மாற்றி எழுதி அப்படியே விநியோகித்த கூட்டம். இந்த நெல்லை வெட்டிய கத்தரிக்கோல் யாருடையது என்ற கேள்வி இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அமுங்கிப்போனது. எதிர்ப்பாளர்களில் சிலர் அதைக் கேட்டார்கள்தான். ஆனால் பத்துப் பயங்களைப் பட்டியலிட்டுவிட்டு, பதினோராவதாகக் கேட்டார்கள்.

முதலில் அந்தப் பத்துப் பயங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கமலாவில் கைவைக்கப்பட்ட மரபணுவின் பெயர் சி.கே.எக்ஸ்.2. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் செய்வது அதன் வேலை. கதிர் உருவாகும் நுனியில் சைட்டோகைனின் கூடுதலாகத் தங்கினால் பூக்கள் கூடும், பூக்கள் கூடினால் மணிகள் கூடும். ஆகவே சிதைக்கும் நொதியை முடக்கினால் கதிரில் மணி அதிகம். இதைக் கண்டுபிடித்தது ஐதராபாத்தும் இல்லை, டில்லியும் இல்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து அஷிகாரி குழுவினர் 2005-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் எந்த மரபணுவையும் கத்தரிக்கப் போகவில்லை. மணி நிறையப் பிடிக்கும் ஹபதாகி என்ற ரகத்தையும் ஜப்பானியர்கள் விரும்பிச் சாப்பிடும் கோஷிஹிகாரியையும் ஒட்டுச் சேர்த்து, வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார்கள். தேடியதில் 5150 என்ற சீன ரகத்தில் இந்த மரபணுவிலிருந்து 11 எழுத்துகள் தானாகவே உதிர்ந்து, மரபணு வேலையற்றுக் கிடந்ததும் தெரியவந்தது. யாரும் வெட்டாமலே வெட்டுப்பட்ட நெல். அதைத்தான் மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிரிஸ்பர் செய்வது அந்த உதிர்வைச் சொன்ன இடத்தில் நடக்கவைப்பது. சுமார் 20 எழுத்து நீளத்தில் ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ. முகவரி காட்டும். காஸ் என்ற புரதம் அங்கே போய் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டும். செல் பதறிப்போய் ஒட்டும்போது சில எழுத்துகள் விழுந்துவிடும். அவ்வளவுதான். வெளியிலிருந்து வார்ப்பு எதுவும் கொடுக்காமல் செல்லையே ஒட்டவிடும் இந்த வகைக்கு எஸ்.டி.என்-1 என்று பெயர். வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுபோக வெளி டி.என்.ஏ. தேவைப்படும் என்பது உண்மை. அடுத்த தலைமுறையில் அது இல்லாமல் முளைத்த செடிகளை மட்டும் பொறுக்கி எடுத்து வளர்க்கிறார்கள். பி.டி. பருத்தியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. இங்கே குடிவந்தவர் எவரும் இல்லை, வீட்டிலிருந்த ஒருவர் வாயடைக்கப்பட்டிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று மேடையில் முழங்குகிறவர்கள் சீரகத்தையும் பெருஞ்சீரகத்தையும் ஒரே டப்பாவில் கொட்டுகிறார்கள்.

(இதில் ரசிக்கத்தக்க ஒன்று உண்டு. பூசா ரகத்தில் முடக்கப்பட்டது டி.எஸ்.டி. என்ற வேறு மரபணு. அது முடங்கினால் இலைத்துளைகள் சுருங்கும், செடி வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று 2009-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். கதிர் நுனியில் சி.கே.எக்ஸ்.2-ஐ முடுக்கிவிடுவதும் இதே டி.எஸ்.டி.தான் என்று 2013-ல் தெரிந்தது. ஐதராபாத்தும் டில்லியும் ஒரே மின்கம்பியின் இரண்டு சுவிட்சுகளை அணைத்திருக்கின்றன.)

ஆக, தின்றால் விஷம் என்ற கூச்சலுக்கு இங்கே ஆதாரம் இல்லை. கொண்டாடிய கூட்டம் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்து போகப் பார்க்கும். உட்கார வேண்டும்.

அறிவிப்போடு வந்த எண்களைப் பார்த்தால் போதும். கமலா 25 இடங்களில் இரண்டு வருடச் சோதனையில் ஹெக்டேருக்கு சராசரி 5.37 டன் தந்தது, தாய் ரகமான சம்பா மசூரி 4.5 டன், ஆகவே 19 சதவீதம் அதிகம் என்றார்கள். பூசா ரகத்துக்கு மூன்று எண்கள். உள்நாட்டு உப்பு நிலத்தில் 9.66 சதவீதம், களர் நிலத்தில் 14.66, கடலோர உப்பு நிலத்தில் 30.4 சதவீதம் அதிகம். தலைப்பில் ஏறியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த 30.4 எதிலிருந்து வந்தது? தாய் ரகமான எம்.டி.யு. 1010 கடலோரத்தில் கொடுத்தது 1912 கிலோ, புதியது கொடுத்தது 2493. வித்தியாசம் 581 கிலோ. உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்தில் பாடுபடுகிறவருக்கு 581 கிலோ சாதாரணமில்லை. ஆனால் அடித்தளம் தாழ்ந்திருந்தால் சதவீதம் தானே உயரும். இதைச் சொல்லாமல் 30 என்று முழங்குவது விளம்பரம், விஞ்ஞானம் இல்லை.

25 இடங்களின் சராசரி என்பதும் அப்படித்தான். எந்த இடத்தில் தாயை மிஞ்சியது, எந்த இடத்தில் சமமாக நின்றது, எங்கே தோற்றது? தஞ்சாவூர்க்காரருக்கும் கர்னூல்க்காரருக்கும் தேவைப்படுவது அவரவர் மண்ணின் எண். 2025 அக்டோபரில் மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் கூட்டமைப்பு ஒன்று, வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நெல் திட்ட ஆண்டறிக்கைகளையே கையில் வைத்துக்கொண்டு, அறிவித்த மகசூலுக்கும் அறிக்கைக்கும் பொருந்தவில்லை என்றது. கழகம் மறுத்தது. ஒரே நிறுவனத்தின் காகிதத்தைப் படித்து இரண்டு தரப்பும் நேரெதிராகப் பேச முடிகிறது என்றால் அந்தக் காகிதம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? இடவாரியாக, பருவவாரியாக, பாத்திவாரியாக மூல எண்களை வெளியிட்டால் ஒரு வாரத்தில் தீரும் சண்டை இது. எம்.டி.யு. 1010-ல் செய்த திருத்தத்தை பூசா குழுவினரே 2020-ல் ஆய்விதழில் வெளியிட்டவர்கள். ஆய்வகப் பக்கத்தைத் திறந்து காட்டத் தெரிந்தவர்களுக்கு வயல் பக்கத்தைத் திறப்பதில் என்ன தயக்கம்?

தயக்கத்துக்கு இடம் கொடுத்தது அரசாங்கம். 2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட ஓர் உத்தரவு, வெளி டி.என்.ஏ. மிஞ்சாத எஸ்.டி.என்-1, எஸ்.டி.என்-2 செடிகளுக்கு 1989-ம் ஆண்டு விதிகளின் 7 முதல் 11 வரையான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. மரபணு மாற்றுப் பயிர்களை மேலிருந்து ஆராயும் அனுமதிக் குழுவின் வாசலுக்கு இனி போக வேண்டாம். வெளி டி.என்.ஏ. மிஞ்சவில்லை என்று முதலில் பார்ப்பது நிறுவனத்துக்குள்ளேயே இயங்கும் உயிரிப் பாதுகாப்புக் குழு. விலக்கு தப்பில்லை. தானாக 11 எழுத்து உதிர்ந்த நெல்லுக்கு இல்லாத கெடுபிடி, வெட்டி உதிர்த்த நெல்லுக்கு எதற்கு? விலக்கோடு சேர்த்து, மரபணு வரிசை முழுவதையும் வயல் எண்கள் முழுவதையும் பொதுவில் வை என்று ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் தப்பு. வாசலில் காவலரை எடுத்தவர்கள் ஜன்னலையாவது திறந்து வைத்திருக்கலாம்.

இனி கத்தரிக்கோல்.

கமலாவின் தாயான சம்பா மசூரியைத் தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்றால்தான் தெரியும். பி.பி.டி. 5204 என்று மூட்டையில் எழுதியிருக்கும். ஆந்திராவின் பாபட்லாவில் உருவானது. அதன் வம்சாவளி சுவாரசியமானது. ஒரு பாட்டி ஜி.இ.பி. 24, கோயமுத்தூர் நெல் நிலையத்தில் 1921-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது, தானாக மாறிக் கிடந்த ஒரு செடியிலிருந்து வந்தது, கிச்சிலி சம்பா என்று வழங்கியது. இன்னொரு பக்கம் தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1 என்ற குட்டை ரகம். மூன்றாவது மலேசியாவின் மசூரி (வெள்ளைப் பொன்னியும் இந்த மசூரியிலிருந்து வந்ததுதான்). கோயமுத்தூர்க்காரர் கோயமுத்தூர் விதைக்குக் காசு கேட்கவில்லை. தைவான் கேட்கவில்லை, மலேசியா கேட்கவில்லை. எந்த மரபணுவை முடக்க வேண்டும் என்று சொன்ன ஜப்பான்காரர்கள் அதை ஆய்விதழில் போட்டார்கள், உலகம் படித்துக்கொண்டது. நூறு வருடமாக ஊர் கூடி இழுத்த தேர் இது. கடைசி நாலு அடியில் ஏறிய கத்தரிக்கோலுக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு, வாடகை உண்டு.

கிரிஸ்பரின் காப்புரிமைக்காக அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தரப்பும் பிராட் நிறுவனமும் பத்து வருடத்துக்கு மேலாக வழக்காடியிருக்கின்றன. 2022-ல் காப்புரிமை வாரியம் பிராட் பக்கம் தீர்ப்பளித்தது. அதை மறுபடி ஆராயச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது 2025 மே 12-ல். டில்லியில் கமலாவுக்குக் கைதட்டி எட்டே நாள் ஆகியிருந்தது. பயிர்களுக்கான உரிமங்களை ஒரே கூடையில் வைத்துத் தருவதற்கு பிராட் நிறுவனமும் டூபாண்ட் பயனியரும் (இப்போது கார்ட்டேவா) 2017-லேயே கைகோத்துவிட்டன. அமெரிக்கச் சண்டை அமெரிக்காவோடு என்று விட்டுவிடவும் முடியாது, 2022-ல் கிரிஸ்பர்-காஸ்9-க்கு இந்தியாவிலும் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள் என்று தாராளமாக விடுவார்கள். விதை விற்க ஆரம்பித்தால்தான் கணக்குப் புத்தகம் திறக்கும். கல்யாணத்துக்கு நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊர்வலத்தில் தன் நகை என்று சொன்னால், திருப்பிக் கேட்கும் நாளில் யார் முகம் வாடும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. செடிக்கும் விதைக்கும் காப்புரிமை இல்லை என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு. பெயரிட்ட பாக்கெட்டில் போடாத வரை விவசாயி விதையை எடுத்துவைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் ஒரு செய்முறைக்குக் காப்புரிமை இருந்தால், அதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பொருளின் மீதும் உரிமை நீளும் என்கிறது அதே காப்புரிமைச் சட்டத்தின் 48-ம் பிரிவு. இந்த இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும்? பி.டி. பருத்தி விஷயத்தில் மான்சாண்டோவும் நுஜிவீடு விதைக் கம்பெனியும் கிட்டத்தட்ட இதைத் தொட்டுத்தான் மோதின. 2018-ல் டில்லி உயர்நீதிமன்ற அமர்வு காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, முறையாக விசாரிக்கச் சொன்னது. 2021-ல் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் சமரசமாகிக்கொண்டன. தீர்ப்பு வரவில்லை. அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல்தான் கமலா நடப்படுகிறாள்.

அரசு நிறுவனம்தானே, விதையை மலிவாகத் தராமலா போகும் என்பது அடுத்த சமாதானம். 2023-ம் ஆண்டு பட்ஜெட்டில் பயிர்களில் மரபணு திருத்தத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மக்கள் பணம். மக்கள் பணத்தில் செய்த விதைக்கு உரிமம் பேசும்போது, மக்களுக்குத் தெரியாத பத்திரத்தில் கையெழுத்து போடக்கூடாது. இதற்கு விஞ்ஞானிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் கிடைத்த நல்ல கருவியை எடுத்தார்கள். அதை எடுத்த அன்றே உரிமத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியவர்கள், பொன்னாடை போர்த்தும் நாள் வரை வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் மாற்று வழி இல்லாமல் இல்லை. மசூரி பிறக்கக் காரணமான ஒட்டுத் திட்டம் 1950-களில் நடந்த அதே கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், குதுபுதீன் மொல்லா என்பவரின் குழு டி.என்.பி.பி. என்ற மிகச் சிறிய புரதத்தை வைத்து நெல்லில் மரபணு திருத்தம் செய்து காட்டியது. காஸ்9-ல் 1368 அமினோ அமிலங்கள், இதில் 408. அந்த முறைக்கு 2025-ல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது. சொந்தக் கத்தரிக்கோல் என்று அதையும் தலையில் தூக்கிவைத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். எந்த விலைக்கு, யாருக்கெல்லாம், ஒரு சின்ன விதைக் கூட்டுறவு கேட்டால் கிடைக்குமா என்பதை இதற்கும் கேட்க வேண்டும். அரசாங்கம் வைத்திருக்கும் பூட்டும் பூட்டுத்தான்.

கமலாவுக்கும் பூசா டி.எஸ்.டி.க்கும் கட்டாக் கருவி உதவாது. அவை காஸ் புரதத்தால் வெட்டப்பட்டு முடிந்தவை. அவற்றுக்கான உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது, கிலோ விதைக்கு எத்தனை பைசா யாருக்குப் போகும், அறுத்த நெல்லில் அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்தால் கேள்வி வருமா வராதா... இந்த மூன்றுக்கும் பதிலை ஐதராபாத்தும் டில்லியும் அச்சிட்டுத் தரட்டும். விதை மூட்டை கடைக்கு வருவதற்கு முன்னால்.