ஈயச் சிப்பாயின் பச்சைக் கழுத்துப்பட்டை

பொம்மைக்கு வர்ணம் பூசுவது பிள்ளைகளின் வேலையென நம்மவரிற் பலர் கருதுவர். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், இரண்டங்குல உயரமேயுள்ள உலோகச் சிப்பாய் ஒருவன் முன்னே, கையில் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் மாலை முழுவதும் அமர்ந்திருக்கக் கண்ட பின்னரே அக்கருத்தை மாற்றிக்கொண்டேன். எனினும் அவர் செய்வது யாவுஞ் சரியென ஒப்பிவிட்டேனல்லேன். எமக்கிடையே எழுந்த வழக்கைச் சிறிது கூற விரும்புகிறேன்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். வார்ப்பிற் பிதுங்கி நிற்கும் விளிம்புகளை நுண்ணிய அரத்தால் நீக்கி, சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, அடிப்பூச்சுப் பூச வேண்டும். அதன்மேல் வர்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பலமுறை மெல்லெனப் பூச வேண்டும். ஒரேமுறை தடிப்பாக அப்பினால் பொத்தானும் மடிப்பும் மூடுண்டு போகும். இத்துணைச் சிறிய உருவத்தின் மடிப்புகளில் ஒளி தானாகப் போதிய நிழலை உண்டாக்காது. ஆகவே நிழலையும் வர்ணத்தாலேயே தீட்ட வேண்டும்: பள்ளத்திற் கருமை கூடிய நிறம், மேட்டில் வெளிறிய நிறம். கண்ணுக்குத் தூய வெள்ளையிட்டால் சிப்பாய் பேயறைந்தவன்போல் விழிப்பான். இவை கைப்பழக்கத்தால் வருவன. எந்த நிறம் என்ற வினாவுக்கு விடை நூலகத்திலன்றிக் கிடையாது.

நண்பர் தெரிந்தெடுத்தவன் பிரித்தானியரின் 73ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவன். 1815 யூன் 18இல் வாட்டர்லூவில் நின்றவன். ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் படையாயிருந்த அப்பிரிவு 1809இல் தன் மரபுடையை இழந்து, ஏனைய படையினரைப் போற் காற்சட்டை அணியலாயிற்று. சட்டை சிவப்பு, கழுத்துப்பட்டையும் கைப்பட்டையும் கரும்பச்சை. அச்சிவப்பும் ஒரே சிவப்பன்று. சாதாரண சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேர்ச்சாயம். அது செங்கல்லை ஒத்த மங்கல் நிறம். அதிகாரியின் சட்டைக்கோ கொச்சினீல் பூச்சியிலிருந்து பெற்ற விலையுயர்ந்த செஞ்சாயம். வர்ணக் கிண்ணத்தினுள்ளேயே வர்க்க பேதம் தெரிகிறதல்லவா?

இப்பிரிவை அவர் ஏன் தெரிந்தெடுத்தார்? அதன் இரண்டாம் பட்டாளம் வாட்டர்லூவில் பிரெஞ்சுக் குதிரைப்படையை எதிர்த்துச் சதுர அணியில் நின்ற அதே ஆண்டில், முதலாம் பட்டாளம் இலங்கையில் இருந்தது. கண்டியைக் கைப்பற்றிய படையெடுப்பிலும் பங்குகொண்டது. 1815 என்றதும் நம் மாணவர் மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தத்தை நினைப்பர். ஐரோப்பிய மாணவர் வாட்டர்லூவை நினைப்பர். இரண்டுக்கும் ஒரே பச்சைக் கழுத்துப்பட்டை சாட்சியாய் நிற்கிறது. இதனை நான் எந்தப் பாடநூலிலும் கற்றேனல்லேன். அந்தப் பொம்மையிடமே கற்றேன்.

நிற்க. வழக்கு எழுந்தது மார்பிற் குறுக்காக ஓடும் தோல்வார்களைப் பற்றியே. நண்பர் அவற்றைப் பால்போல் வெளுப்பித்திருந்தார். போருக்கு முந்திய இரவு முழுதும் மழை பொழிந்தது. படையினர் வெட்டவெளிச் சேற்றிற் கிடந்தனர். வாரிற் பூசிய வெண்களிமண் கரைந்து, சட்டைச் சாயம் அதிலே ஊறியிராதா என்றேன். “வார் வெள்ளை என்பதற்கு விதிநூல் சான்று. கறை எங்கே இருந்தது என்பதற்கு உமது ஊகமன்றி வேறென்ன சான்று?” என்றார் அவர். ஆசிரியர் அல்லவா!

அவர் கேள்வி நியாயமானதே. ஆயினும் விதிநூல் கூறுவது அச்சிப்பாய் எவ்வாறு இருத்தல் வேண்டும் என மேலதிகாரிகள் விரும்பினர் என்பதையே. அன்று காலை அவன் எவ்வாறு இருந்தான் என்பதையன்று. மழை பெய்ததும் வரலாறுதான். சேறில்லாத வாட்டர்லூ அணிவகுப்பு மைதானமாகிவிடும். அழகிற்காகப் போரைக் கழுவித் துடைப்பது கலையாகாது என்பது என் துணிபு.

சான்று தேடுவதில் வில்லியம் சைபோன் என்ற படையதிகாரியை விஞ்சியவர் அரியர். வாட்டர்லூக் களத்தின் மாதிரியை அமைக்க 1830இல் பணிக்கப்பட்ட அவர், களத்திலிருந்த பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணியளவில் நீவிர் எங்கே நின்றீர் என வினவினார். இடையில் அரசாங்கம் பணத்தை நிறுத்தியபோதும் தளராது 1838இல் முடித்தார். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றுருவங்கள் கொண்ட அம்மாதிரி இன்று இலண்டன் செல்சியிலுள்ள தேசிய இராணுவ அரும்பொருட் சாலையில் உள்ளது. பிரஷ்யருக்கு அளவுக்கு மிஞ்சிய இடமளித்தார் என வெலிங்டன் தரப்பினர் முறையிட்டமை வேறு கதை. எனக்கு உறுத்துவது வேறொன்று: சைபோனின் கடிதங்கள் அதிகாரிகளையே நாடிச் சென்றன. மஞ்சிட்டிச் சட்டைக்காரனை யார் கேட்டார்?

அவனுக்காவது விதிநூலும் தையற்காரன் கணக்கும் உண்டு. கண்டியில் அவனை எதிர்த்து நின்றவனுக்கு என்ன உண்டு? 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிற் சில சித்திரங்கள் உள்ளன. 1821இல் ஜோன் டேவி எழுதிய நூலும் உண்டு. இரண்டும் ஆங்கிலேயர் கண்டு எழுதியவை. அவற்றிடையே நூற்று நாற்பது ஆண்டு இடைவெளி. நண்பரின் நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், ஏடு எழுதிவைத்த சேனைக்கு வர்ணம் கிடைக்கும்; மற்றவன் வெறும் ஈயமாகவே நிற்பான். ஊகித்தேனும் அவனைத் தீட்டுக. தீட்டி, பீடத்தின் அடியில் இன்னது சான்று, இன்னது ஊகம் என எழுதி வைக்குக என்று வாதாடினேன். நண்பர் விடை கூறவில்லை.

சென்ற கிழமை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 73ஆம் பிரிவினனின் தோல்வாரில், தோளுக்குச் சற்றுக் கீழே, மிக இலேசான செம்மை படர்ந்திருந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனருகே தொப்பியும் சப்பாத்தும் இல்லாத ஓர் உருவம் அடிப்பூச்சோடு நின்றது. பசைமண்ணில் அவரே பிடித்தது. அரைத்துணிக்கு என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை என்றேன்.

“எந்த வெள்ளை?” என்றார்.