கைப்போக்குத் தையலும் நம் வீட்டு இயந்திரமும்

சங்கரன்கோயில் நெசவூர். கைத்தறியும் விசைத்தறியும் ஒலிக்கும் அவ்வூர்த் தெருக்களில் தையலியந்திரம் இல்லாத தெருவைக் காண்டல் அரிது. சில இல்லங்களில் அது பாட்டியார் காலத்துச் சிங்கர்; பலவற்றில் உஷா; வேறு சிலவற்றில், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகத் தமிழக அரசின் சமூகநலத் துறையினர் விலையின்றி வழங்கியது. எனினும், இவ்வியந்திரங்களால் செய்யப்படுவன யாவை? ரவிக்கைக்கு மூட்டுத் தையல், சேலைக்கு ஃபால்ஸ், பாவாடைக்கு நாடாப்பட்டி, தலையணைக்கு உறை. இவற்றிற்கு மேல் அவற்றால் ஒன்றும் ஆகாது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் பிழைபட்டதென்பதும், அடுக்குப்போர்வையின்மேல் கைபோன போக்கிலே சித்திரம் தைக்கும் அருந்தொழிலை அம்மிதியியந்திரத்திலேயே கற்றல் கூடுமென்பதுமே நாம் ஈண்டு வற்புறுத்தக் கருதியன.

மேலே ஒரு துணி, நடுவே பஞ்சோ பழஞ்சேலையோ, கீழே ஒரு துணி என மூன்றடுக்காக வைத்துத் தைப்பதனை ஆங்கிலத்தார் குவில்ட் என்பர். அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று நழுவாவண்ணம் இடையிடையே ஊடுதையல் இடல்வேண்டும். அத்தையல் நேர்கோடாயின் இயந்திரம் தானே செய்துவிடும். கொடியும் சுருளும் அலையுமாய், தைப்பவர் கை நடத்திய வழியே அது செல்லும் முறைக்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர். இதனைக் 'கட்டற்ற இயக்கம்' என மொழிபெயர்ப்பாரும் உளராவர். அஃது ஓர் அரசியற் கூட்டத்தின் பெயர்போல ஒலித்தலின், நாம் கைப்போக்குத் தையல் என்றே வழங்குவோம். இது நம் நாட்டிற்கு முற்றும் புதிதன்று. துணியை வளையத்தில் இறுக்கி, இயந்திரத்தின் பாதத்தைக் கழற்றிவிட்டு, ரவிக்கைக் கையிலும் கழுத்திலும் பூவும் இலையும் வரையும் மெஷின் எம்பிராய்டரிக்காரர் தமிழ்நாட்டு நகரந்தோறும் இருக்கின்றனர். அவர் செய்வதும் இதுவே. அவர் ஒருசாண் வளையத்துள் ஒற்றைத் துணியில் செய்வதனை, போர்வை தைப்பவர் வளையமின்றிக் கனத்த மூன்றடுக்கில் முழக்கணக்காகச் செய்கின்றார், வேற்றுமை அவ்வளவே.

இயந்திரத்தின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். ஊசிக்குக் கீழே தகட்டின் பிளவுகள் வழியாகப் பற்கள் சில எழுந்து, துணியைப் பின்னோக்கித் தள்ளி, மீண்டும் அமிழ்ந்து முன்வருதலை யாவரும் கண்டிருப்பர். எழுதல், தள்ளல், அமிழ்தல், மீளல் என்னும் இந்நால்வகை இயக்கத்தை அமைத்தவர் அமெரிக்கராகிய ஆலன் வில்சன், ஆண்டு 1854. தையல் சீராகவும் ஒரே நீளத்தினதாகவும் விழுவது இப்பற்களின் அருளே. கைப்போக்குத் தையலோ வில்சனார் தந்த அப்பேற்றை வேண்டாவென்று ஒதுக்கிவிடுகின்றது. பற்கள் ஓய்ந்தபின், துணி எத்திசையில் நகர்வது, எத்துணை நகர்வது என்னும் இரண்டனையும் தைப்பவரே ஏற்றுக்கொள்கின்றார். ஆகவே, இத்தொழிலில் சிறப்பு இயந்திரத்தைச் சார்ந்ததன்று; இயந்திரம் ஊசியை ஏற்றியிறக்கி நூலைப் பூட்டினால் அமையும். நூறாண்டு பழகிய சிங்கரும் அதனைச் செவ்வையாகச் செய்யும்.

இவ்வுண்மை கற்போர்க்குத் தெரியாமற் போவதற்குக் காரணம் உண்டு. கைபேசியில் காணொளி வழியாகக் கற்பிப்போர் பலரும் அயல்நாட்டினர். அவர்தம் முன் நிற்பன தையல் நீளத்தைத் தாமே சீர்செய்யும் மின்னியந்திரங்களும், போர்வையைச் சட்டத்தில் விரித்துவிட்டுத் தலைப்பகுதியையே ஓட்டும் நெடுங்கையியந்திரங்களும் ஆம். அவற்றைக் கண்ட நம் ஊர்ப் பெண்கள், 'நம்முடையது இதற்குத் தகாது' என்று முதல்நாளே எழுந்துவிடுகின்றனர். தகாததும் ஒன்றுண்டு, அது கைச்சக்கர இயந்திரம். வலக்கை சக்கரத்தைச் சுற்றுமாயின் துணியை ஒரு கையால் ஆளுதல் இயலாது. மிதியியந்திரத்திற்கு இக்குறை இல்லை. இரு கைகளும் துணிக்கு உரியனவாகும்; கால் பழகிய தாளத்தில் செல்லும். மின்விசை திடீரெனப் பாய்வதுபோல அது பாயாது. கற்போர்க்கு மிதியே ஏற்றமுடையதென்பது எம் துணிபு.

வேண்டுவன சிலவே. சில இயந்திரங்களில் அடிப்புறத்துத் திருகினைத் திருப்பினால் பற்கள் தகட்டின்கீழ் இறங்கிவிடும். அவ்வமைப்பில்லையேல், தையல் நீளத்தைச் சுழியத்தில் நிறுத்துக. பற்கள் எழுந்தமிழுமேயன்றித் துணியைத் தள்ளா. பற்களின்மேல் ஊசித்துளையிட்ட அட்டையை ஒட்டிவிடுதலும் உண்டு. அடுத்து, இழையோட்டுவதற்கென்று விற்கும் வில்பொருந்திய பாதம். ஊசி இறங்கும்போது துணியைப் பிடித்தும், ஏறும்போது விடுத்தும் அது துள்ளும். 14-ஆம் எண் ஊசி போதும். துணி கனமாயின் 16. மூன்றடுக்கையும் கையகல இடைவெளியில் ஊக்குகளாற் பிணைத்துக்கொண்டு, நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கித் தைத்தல் நன்று. விளிம்பில் தொடங்கினால் நடுவே துணி பொங்கி மடியும்.

ஒன்றனை மட்டும் விரித்துரைத்தல் இன்றியமையாதது. துள்ளும் பாதம் துணியை அழுத்தாமையால், அதனை இறக்கும் நெம்புகோலை இறக்க மறத்தல் எளிது. அது மேலே நின்றால் மேல்நூலுக்கு இறுக்கமே இராது. மேற்புறம் யாதொரு குறையுந் தோன்றாமல், கீழே குருவிக்கூடு போல நூல் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பாபின் நூலை முதலில் மேலே இழுத்து, இருநூல் முனைகளையும் பிடித்துக்கொண்டு தொடங்காவிடினும் அக்கதியே. முதற்கிழமையில் இத்தொழிலைக் கைவிடுவோர் பெரும்பாலும் இக்குருவிக்கூட்டைக் கண்டு, இயந்திரம் கெட்டதெனத் துணிந்தே விடுகின்றனர்.

இனி, கை பழகுதல். கோலமிடும் பெண்ணுக்கு இது எளிதாயிருக்கும் என்று நினைப்போம், உடனே அவ்வாறன்று. கோலத்தில் நிலம் நிற்க விரல் ஓடும்; இங்கோ ஊசி நிற்க நிலமே ஓடும். எழுதுகோலை யாரோ அசையாது பிடித்திருக்க, நாம் தாளை நகர்த்தி எழுதுவது போன்றது இது. தமிழ் பயிலும் எமக்கு இதற்கோர் உவமை எளிதிற் கிட்டியது. ஓலையில் எழுதினோர் எழுத்தாணியை இடக்கைப் பெருவிரல் நகத்தின் வடுவிலே தாங்கி, அக்கையாலேயே ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கொடுத்து எழுதினர் என்பர். நம் முன்னோர்க்கு நகரும் ஏடும் நிற்கும் கூரும் பழக்கமானவையே. ஆதலின், முதற்பயிற்சிக்குப் பூவையும் மயிலையும் நாடாது தமிழெழுத்துக்களைத் தைத்துப் பார்க்கலாம் என்போம். 'ட'கரம் நேர்கோட்டையும் மூலையையும் கற்பிக்கும், 'ண'கரம் சுழியை, 'ஞ'கரம் கற்றவர்க்குக் கொடியும் சுருளும் தாமே வரும். அதன்பின் சிக்குக்கோலம். புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே மீளும் ஒற்றைக்கோட்டுக் கோலங்கள், நூலை அறுக்காது தைக்க விரும்பும் இத்தொழிலுக்கெனவே அமைந்தவை போலும்!

காலுக்கும் கைக்கும் உள்ள பொருத்தமே தையலின் அளவு. கால் விரைந்து கை தயங்கினால் தையல் எள்ளினும் சிறிதாய் நெருங்கும். கை விரைந்து கால் தயங்கினால் நீண்டு விழுவதுடன், துணி ஊசியை வளைத்துத் தகட்டில் மோதச்செய்து முறித்துவிடும். சங்கரன்கோயிலில் எம் அத்தையார் இதனைக் கற்ற நாட்களில் முறிந்த ஊசிகளை ஒரு மருந்துச் சீசாவில் இட்டுவைத்தார். சீசா பாதி நிறைவதற்குள் கை படிந்துவிட்டது. தோட்டவேலைக்கு விற்கும் ரப்பர்பூச்சுக் கையுறையை அணிந்தபின் துணி விரலுக்கு வழுக்காது அடங்கிற்று. ஊசிக்கும் இயந்திரத்தின் தண்டிற்கும் இடையே 6 அல்லது 7 அங்குலமே இருத்தலின், பெரும்போர்வையைச் சுருட்டி நுழைப்பது மல்யுத்தமாயிற்று. அதனால் இருசாண் சதுரங்களாகத் தனித்தனியே தைத்துப் பின்னர் இணைத்துக்கொண்டார்.

அப்பொழுது அடுத்த வீட்டார் ஒருவர் எட்டிப்பார்த்து, "என்ன மதினி, நல்ல மெஷினை வச்சுக்கிட்டுக் கந்தை தைக்கீக?" என்றார். நகைப்பாகச் சொன்னதே; ஆயினும், இத்தொழில் நம்மிடை வளராமைக்குரிய காரணம் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம் என்பது நம் பழைய எண்ணம். பொருநராற்றுப்படையில், தையலோடிய கந்தை உடுத்துவந்த பொருநனுக்குக் கரிகாலன் முதலிற் செய்த உதவி, அதனைக் களைவித்துப் பாம்பின் உரிபோன்ற நுண்ணிய துணி அளித்ததேயாம். அக்கந்தையைத் தைத்த கையைப்பற்றி எவரும் வினவவில்லை. கந்தை என்னும் நம் சொல்லும், வங்காளத்தார் காந்தா என்னும் சொல்லும் வடமொழிக் கந்தா என்பதன் வழிவந்த உடன்பிறப்புக்களே. வங்கநாட்டு மகளிர் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையினின்றே வண்ணநூல் உருவித் தைத்தவை இன்று காட்சிச்சாலைகளை அணிசெய்கின்றன. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்தி மகளிர் தைக்கும் கவுந்தியும் பழந்துணியாலானதே. ஒரே சொல் அங்கே கலையாகவும் இங்கே இழிவாகவும் நின்றது.

நிற்க. கையூசியால் தைப்பதே கலை, இயந்திரத்தால் தைப்பது கலையாகாது என்பாரும் உளர். அமெரிக்காவிலும் இப்பூசல் நெடுநாள் நிகழ்ந்தது. பதூக்கா நகரில் 1989-ஆம் ஆண்டு நடந்த பெரும்போட்டியில் காரில் பிரையர் ஃபாலர்ட் என்பார் இயந்திரத்தால் ஊடுதைத்த போர்வை முதற்பரிசு பெற்றபோது, அஃது அடாது எனச் சினந்தோர் பலர். நம் நாட்டில் இவ்வினாவை வேறொரு முகத்தால் அணுகியவர் காந்தியடிகள். இயந்திரம் அனைத்தையும் வெறுப்பீரோ என 1924-ஆம் ஆண்டில் இளைஞர் ஜி. இராமச்சந்திரன் வினவியபொழுது, அவர் விலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையலியந்திரத்தை. மனைவியின் வருத்தங்கண்ட அன்பினாலே அது பிறந்தது என்றார். அக்கதை வரலாற்றோடு எத்துணைப் பொருந்தும் என்பது வேறு. மனிதன் கைக்கு அடங்கி நிற்கும் இயந்திரம் வேறு, மனிதனை அடக்குவது வேறு என்னும் அவர் பாகுபாடு பொருத்தமானதே. பற்களை இறக்கிவிட்ட தையலியந்திரத்தினும் கைக்கு அடங்கியதொன்றை நாம் அறியோம். அதன் தையலில் தைத்தவர் கையெழுத்துத் தெரியும். இருவர் தைத்த கொடிகள் ஒத்திரா.

இதனைக் கற்றோர்க்குப் பொருள் குவியும் என்று விளம்பரஞ் செய்வோரை நாம் நம்புவதில்லை. ஒரு போர்வை பலநாள் உழைப்பை விழுங்கும். அவ்வுழைப்பிற்கேற்ற விலை சங்கரன்கோயிற் கடைவீதியில் கிடையாது. ஆயின், தலையணையுறை, பை, குழந்தைத் துப்பட்டி முதலிய சிறியன விலைபோகும். நெசவூரில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமுமில்லை. வெளியிலிருந்து வந்த கைத்தொழில் நம் பக்கத்தில் வேரூன்றியதற்கு முன்னிகழ்ச்சியும் உண்டு. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னலை, அவர் மகளாரும் கால்டுவெல் ஐயரின் மனைவியாருமான எலிசா அம்மையார் இடையன்குடிக்குக் கொணர்ந்தார். பல குடும்பங்கள் அதனாற் பிழைத்தன. அங்கே நூலோடு கற்பிக்கும் ஆசிரியரும், விற்றுத்தருவோரும் உடனிருந்தனர் என்பதை மறத்தலாகாது. இந்நாளில் இயந்திரம் மட்டும் வீட்டிற்கு வருகின்றது.

ஆதலின் நாம் வேண்டுவன பெரியன அல்ல. விலையின்றி வழங்கும் இயந்திரத்தோடு துள்ளும் பாதம் ஒன்றும் சேர்த்து வழங்குக. அதன் விலை இயந்திரத்தின் விலைமுன் ஒரு பொருளன்று. தையற் பயிற்சிக்கூடங்கள் ரவிக்கையோடு நில்லாது பற்களை இறக்கவும் கற்பிக்குக. மூன்றாவது, நம் வகுப்பினர்க்கே உரியது. இத்தொழிலை முறையாக உரைக்கும் தமிழ்நூல் ஒன்றேனும் எம் கண்ணிற் படவில்லை. சிலப்பதிகாரத்துத் துன்னகாரர் யாவர் என்று உரையாசிரியரைத் துருவும் நாம், இந்நாள் துன்னகாரர்க்கு இருபது பக்கத்தில் ஒரு கையேடு எழுதித் தரலாகாதோ? எழுதத் தொடங்கியுமிருக்கின்றோம். துணியைத் தள்ளும் உறுப்பிற்கு 'ஊட்டுபல்', 'இயக்குபல்', 'செலுத்தி' எனப் பெயர்கள் மூன்று ஆய்ந்து அத்தையார்முன் வைத்தோம். அவர் அதனைப் 'பல்லு' என்கின்றார். கையேட்டிலும் 'பல்லு' என்றே இருக்கும்.