ஷிஃப்டுக்கு ஏற்ற மனநல ஆலோசனை

பெற்றோரின் மன அழுத்தத்துக்கு இணையவழி ஆலோசனை உதவும் என்ற தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அதன் தேவை இன்னும் அதிகம். கணவன் நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மனைவி காலை ஷிஃப்டுக்கு ஏறுகிற குடும்பங்கள், பகலில் மட்டும் இயங்கும் புறநோயாளிப் பிரிவுக்கு எப்போது போவது? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண் 24 மணி நேரமும் இலவசம். முகம் பாராத பேச்சு பலன் தருமா என்பார்கள். கடும் நோய்க்கு மருத்துவரை நேரில் பார்க்கத்தான் வேண்டும்; ஆனால், ஊர் வாய்க்குப் பயந்து மனம் திறக்காதவர்களுக்குத் தொலைபேசிதான் முதல் படி. ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியே பேச இடமில்லாததே உண்மையான தடை. எனவே, ஆலைகளில் கதவடைத்துப் பேச ஓர் அறையும், சம்பளச் சீட்டில் அந்த எண்ணும் இடம்பெற அரசு ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், ஒரகடம்