வாசலிலேயே தடுக்கும் பாலிமர்

உயிரணுக்களின் மேற்பரப்பில் ஹெபரான் சல்பேட் என்னும் எதிர்மின்னேற்றம் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீண்டிருக்கின்றன; எச்.ஐ.வி., ஹெர்ப்பிஸ் உள்ளிட்ட பல வைரஸ்கள் முதலில் அவற்றைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அச்சங்கிலியை ஒத்த பாலிமரை, அதாவது சிறு மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நெடுமூலக்கூறை, உடலின் சவ்வின்மீது பூசினால், வைரஸ் அதைப் பற்றி அங்கேயே முடங்கும் என்பதே வைரஸ் தடுப்புப் பாலிமர் ஆய்வுகளின் அடிப்படை.

ஆய்வுக்கூடத்தில் வென்ற இக்கருத்து மனித உடலில் தோற்றதை மறந்துவிடலாகாது. பெண்களை எச்.ஐ.வி.யிலிருந்து காப்பதற்காக ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் சோதிக்கப்பட்ட, இவ்வகைப் பாலிமரான செல்லுலோஸ் சல்பேட் ஜெல், தொற்று அபாயத்தைக் கூட்டக்கூடும் என்ற ஐயத்தால் 2007இல் நிறுத்தப்பட்டது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அதே வகைப் பாலிமரான காராகீனன் ஜெல் பாதுகாப்பானதாக இருந்தும் தொற்றைத் தடுக்கவில்லை என்பது 2008இல் தெரியவந்தது.

பாலிமரின் பிடி தளர்ந்தால் வைரஸ் மீண்டும் தொற்றும் திறன் பெறும் என்பதால், பற்றிய வைரஸையே சிதைக்கும் மூலக்கூறுகளை அறிவியலாளர்கள் இன்று நாடுகின்றனர். தடுப்பூசி இல்லாத நோய்கள் பல இருக்கையில், பழைய தோல்விகளைக் காட்டி நிதியை முடக்குவதும், நீண்டகாலப் பாதுகாப்புச் சோதனை முடியுமுன் சந்தைக்கு விடுவதும் ஒருசேரத் தவறாகும். பொறுமையுடன் இம்முயற்சிக்குத் துணைநிற்பதே அரசுகளின் கடமை.