பேச்சும் மருந்தே

தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் தமிழ் பேசும் முதியோர் இவ்வெல்லைப் பகுதியில் இன்றும் உள்ளனர். அவர்களுள் பலருடைய மக்கள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டனர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் 60 வயதை எட்டியவர்கள். படுக்கையிலுள்ள நோயாளரை வீடு தேடிச் சென்று பேணுவதைக் கேரள அரசு 2008இல் தன் கொள்கையாக அறிவித்தது. இது போற்றத்தக்கது. ஆனால், செவிலியர் திரும்பிச் சென்றபின் எஞ்சும் நாள்களில் அம்முதியவருக்குத் துணை யார்?

“பணமும் மருந்தும் அனுப்பினால் போதும்” என்பர் சிலர். அது போதாது. உறவும் நட்பும் வலுவாக உள்ளோர் உயிர்வாழும் வாய்ப்பு, அவை குன்றியோரைவிட 50 விழுக்காடு மிகுதி என்று, 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. தனித்திருப்பவர் தமக்கென உலை வைக்கச் சலிப்பர், நடை குறையும், மாத்திரை மறந்துபோகும். துணை இருப்பின் இவை யாவும் முறைப்படும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இத்துணையைத் தடுப்பது தொலைவு மட்டுமன்று; மொழியும்தான். தமிழறியாத பேரனிடம் பாட்டி தம் முழங்கால் வலியை எவ்வாறு கூறுவார்? “நலம்” என்னும் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே, தமிழ் கற்பது மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. “பாட்டி, இன்று என்ன சாப்பிட்டீர்கள்?” என்று நாள்தோறும் தொலைபேசியில் தமிழில் கேட்கும் குழந்தை, அவரது உடல்நலத்தையும் காக்கிறது.