மெழுகுக் கூடத்தில் வேண்டிய நீதி

ஒரு விளையாட்டுப் பந்தயம் முடிந்த மறுநாள், வெற்றி பெற்றவரின் பெயரும் அவர் எடுத்துக்கொண்ட நேரமும் பத்திரிகைகளில் பெரிய எழுத்துகளில் வெளிவருகின்றன. பந்தயத்துக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், விடியுமுன் அவர்களைக் களத்துக்கு அழைத்து வந்தவர் யார், வழியில் சூடாக ஒரு குவளை பானம் கொடுத்தவர் யார், கடைசியாக வந்து சேர்ந்தவரை எதிர்கொண்டு போர்வை போர்த்தியவர் யார் என்ற விவரங்களுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. செவ்வனே நடந்த ஏற்பாடு கண்ணுக்குப் புலப்படாமற் போவது இயல்புதான். ஆனால் உறைபனியையே களமாகக் கொண்ட நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் பந்தயத்தில், ஏற்பாடு என்பது வீரருக்கு நாம் செய்யும் உபசாரமன்று. அது பந்தயத்தின் அங்கம், பல சமயங்களில் அதன் முடிவையே நிர்ணயிக்கும் அங்கம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இத்தகைய ஏற்பாடுகள் எவ்வளவு சிரத்தையோடு நடைபெறக்கூடும் என்பதை அறிய விரும்புவோர், சுவீடன் நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறும் வாசாலொப்பெட் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். டென்மார்க் மன்னனின் ஆட்களுக்கு அஞ்சி நார்வே எல்லையை நோக்கித் தப்பியோடிய குஸ்தாவ் வாசா என்ற இளைஞனை, மூரா என்ற ஊரின் மக்கள் தொடர்ந்து சென்று சேலன் என்ற இடத்தில் கண்டு திரும்ப அழைத்து வந்தார்கள் என்பதும், அவனே பின்னர் சுவீடனின் அரசனானான் என்பதும் அந்நாட்டு வரலாறு போற்றும் செய்திகள். அந்தப் பிரயாணத்தின் நினைவாக ஒரு பந்தயம் நடத்தலாம் என்று ஆண்டர்ஸ் பெர்ஸ் என்ற பத்திரிகையாசிரியர் எழுப்பிய யோசனை 1922-ல் நிறைவேறியது. சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர். முதலாண்டில் கலந்துகொண்டவர்கள் 119 பேர். ஏர்ன்ஸ்ட் ஆல்ம் என்ற 22 வயது இளைஞர் ஏழரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் வந்து வெற்றி மாலை சூடினார். இன்று அதே தடத்தில் ஒரே காலைப்பொழுதில் புறப்படுகிறவர்கள் பதினையாயிரம் பேருக்கு மேல்.

இத்தனை பேரை ஒரு சிற்றூரில் திரட்டி, இருட்டோடு இருட்டாகப் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கி, அவரவர் தகுதிக்கேற்ற வரிசையில் நிறுத்தி, காலை எட்டு மணிக்குத் தவறாமல் புறப்படச் செய்வது எளிய காரியமன்று. ஒவ்வொருவரும் தம்முடைய முந்தைய பந்தயங்களின் தேர்ச்சியைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட அணியில் வைக்கப்படுகிறார். வேகமானவர் முன்னும் நிதானமானவர் பின்னுமாக நின்றாலன்றி, புறப்பட்ட சிறிது நேரத்தில் எதிர்ப்படும் முதல் ஏற்றத்தில் தடங்கள் குறுகும்போது பலகையோடு பலகை மோதி, ஊன்றுகோல்கள் முறிந்து, பலருடைய பந்தயம் அங்கேயே முடிந்துவிடும். புறப்படும் வரையில் உடலைக் காத்த கனத்த மேலாடையைக் கடைசி நிமிடத்தில் கழற்றி, தம் எண் பொறித்த பையிலிட்டுக் கொடுத்தால், அது லாரியில் ஏறி 90 கிலோமீட்டருக்கு அப்பால் மூராவில் அவருக்காகக் காத்திருக்கும். வியர்வையில் நனைந்த உடலோடு பனியில் நிற்கும் மனிதருக்கு அந்தப் பை எத்தகைய பொருள் என்பதை, பை வந்து சேராத ஒருவரே நன்கு அறிவார்.

வழியில் ஸ்மோகன் தொடங்கி எல்ட்ரிஸ் முடிய ஏழு இடங்களில் உணவு நிலையங்கள். அங்கே நீரும் காப்பியும் ரொட்டியும் உப்பிலிட்ட வெள்ளரியும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புளூபெரி என்னும் கருநீலக் காட்டுக்கனியைக் காய்ச்சி இனிப்பிட்டுக் கெட்டியாக்கிய சூடான சூப் கிடைக்கும். கையுறையைக் கழற்ற அவகாசமின்றி, நின்றும் நில்லாமலும் காகிதக் குவளையை வாங்கி, இரண்டே மடக்கில் விழுங்கிவிட்டு நகர்கிறவர்கள் சிந்தும் துளிகளால் நிலையத்தைச் சுற்றியுள்ள வெண்பனியெல்லாம் ஊதா நிறம் படிந்து கிடக்கும். கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் சங்கங்களைச் சேர்ந்த தொண்டர்கள்; பந்தயத்தின் உரிமையும் சேலனிலும் மூராவிலும் உள்ள இரு விளையாட்டுச் சங்கங்களிடமே இருக்கிறது. பங்குனி வெயிலில் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களுக்கு வழியூர் மக்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்து நீர்மோர் வழங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொண்டின் இயல்பு உடனே விளங்கும். முதலில் வருபவருக்குக் கொடுத்த அதே சூப், பல மணி நேரம் கழித்து வருபவருக்கும் அதே சூட்டோடு கிடைக்க வேண்டும் என்ற கவலையே அந்த ஏற்பாட்டின் உயிர்.

தடுத்து நிறுத்துவதும் ஒரு பாதுகாப்பு என்பதை அங்குள்ளவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரம் ஆனதும் தடத்தின் குறுக்கே ஒரு கயிறு இழுக்கப்படும். அதன் பின் வருபவர் எவ்வளவு மன்றாடினாலும் மேலே செல்ல அனுமதி கிடையாது. கதகதப்பான பேருந்தில் ஏறி மூராவுக்குச் செல்ல வேண்டியதுதான். ஓராண்டு முழுவதும் பயின்று வந்தவரைச் சில நிமிட தாமதத்துக்காகத் திருப்புவது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் அந்தி சாய்ந்து, உடலின் சூடு குறைந்து, காட்டின் நடுவே தனித்து நிற்க நேரும் மனிதருக்கு இரக்கத்தால் விளையும் தீங்கே அதிகம். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் விதியும் இந்தக் கருத்தையே தழுவியது: தடத்தின் மிகக் குளிர்ந்த பகுதியில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் விடத் தாழ்ந்தால் பந்தயத்தை ஒத்திவைக்க வேண்டும், அல்லது கைவிட வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கடுங்காற்றையும் குளிரையும் முன்னிட்டு, ஆண்களுக்கான 50 கிலோமீட்டர் பந்தயம் ஒரு மணி நேரம் தாமதித்துத் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஒலிபரப்பும் விளம்பரமும் காத்திருந்த நாளில் அவ்வாறு முடிவு செய்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

சுவீடன் பந்தயத்துக்கும் ஒரு களங்கம் உண்டு. 1923-ல் மார்கிட் நோர்டின் என்ற பெண்மணி 90 கிலோமீட்டரையும் பத்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் கடந்து காட்டியிருந்தும், அடுத்த ஆண்டே பெண்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1981-ல்தான் அது மீண்டும் திறந்தது. யாருக்காக ஏற்பாடு செய்கிறோம் என்ற கேள்விக்குத் தவறான விடை கிடைத்துவிட்டால், ஏற்பாட்டின் மற்ற நேர்த்திகளால் அந்த அநீதியை ஈடு செய்ய இயலாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன் போட்டியிலும் உறையுளும் உணவும் எல்லா நாட்டவருக்கும் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கின்றன. சமமின்மை தலைகாட்டுகிற இடம் மெழுகுக் கூடம். பழைய முறைச் சறுக்கில், பலகையின் நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். வீரர் ஒரு காலில் தம் எடை முழுவதையும் அழுத்தும்போது மட்டும் அந்தப் பகுதி பனியைத் தொட, அங்கே பூசிய பிடிமெழுகு பனியைக் கவ்வி அவரை முன்னே தள்ளும். எடை நீங்கியதும் வளைவு மேலெழ, இரு முனைகளிலும் பூசிய வழுக்குமெழுகில் பலகை வழுக்கிச் செல்லும். பிடிமெழுகு குறைந்தால் ஏற்றத்தில் கால் பின்னோக்கி வழுக்கும். மிகுந்தால் பனி பலகையில் அப்பிக்கொண்டு நகரவிடாது. நேற்றுப் பெய்த புதுப்பனிக்கு ஒரு மெழுகு, உருகி மீண்டும் உறைந்த பழம்பனிக்கு இன்னொன்று. அதிகாலைக் குளிருக்கு ஏற்றது உச்சிவேளைக்கு உதவாது. உஷ்ணநிலை பூஜ்யத்தை ஒட்டி ஊசலாடும் நாளிலோ தேர்ந்த நிபுணர்களும் திகைத்துப்போவார்கள்.

ஆதலால் செல்வம் படைத்த நாடுகள் காற்றோட்டக் குழாய்களும் மேசைகளும் இஸ்திரிகளும் பொருத்திய பெரிய பெரிய வாகனங்களையே மெழுகுக் கூடங்களாக ஓட்டி வருகின்றன. அவற்றினுள் நிபுணர்கள் மெழுகை உருக்கித் தேய்த்து, சுரண்டி, தூரிகையால் துலக்கி, ஒவ்வொரு வீரருக்கும் டஜன் கணக்கில் உள்ள பலகைகளில் அன்றைய பனிக்கு உகந்த ஜோடி எது என்று விடியற்காலையிலிருந்தே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தனை வசதி படைத்த நார்வே நாட்டவரே 2014 சோச்சி ஒலிம்பிக்கில் மெழுகு சரிவர அமையாமல் தொடரோட்டத்தில் ஆண்கள் நான்காவதாகவும் பெண்கள் ஐந்தாவதாகவும் வர நேர்ந்து, நாடே துக்கம் கொண்டாடியது என்றால், ஒன்றிரண்டு ஜோடிப் பலகைகளோடும், பயிற்சியாளரும் மெழுகு பூசுபவரும் ஒருவரேயாகவும் வந்து சேரும் வீரரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைவிப்பதும் விலை மிகுந்ததுமான ஃபுளோரின் மெழுகைச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து முற்றிலும் தடை செய்தது இந்த வகையில் ஒரு நல்ல தொடக்கம்.

சோச்சியில் நடந்த ஆண்களுக்கான 15 கிலோமீட்டர் பந்தயத்தில் வென்றவர் ஸ்விட்சர்லாந்தின் டாரியோ கொலோஞா. வெற்றி பெற்ற பின்னும் அவர் நெடுநேரம் எல்லைக்கோட்டருகே காத்திருந்து, விலா எலும்பு முறிந்த நிலையிலும் கடைசியாக வந்து சேர்ந்த பெரு நாட்டு ரொபெர்த்தோ கார்செலெனைத் தழுவிக்கொண்டார். 1998-ல் நாகனோவில் நார்வேயின் பியோர்ன் டேலி, கென்யாவின் பிலிப் போயிட்டுக்காக அவ்வாறே காத்திருந்தார். இந்தத் தழுவல்களைக் காணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் வென்றவரின் பெருந்தன்மை தோற்றவரின் உரிமைக்கு ஈடாகாது. கொலோஞாவுக்கும் கார்செலெனுக்கும் இருந்த ஏறத்தாழ அரை மணி நேர இடைவெளியில் எவ்வளவு உடல் வலிமையின் குறைவால் வந்தது, எவ்வளவு பலகையாலும் மெழுகாலும் பயிற்சிக் களமின்மையாலும் வந்தது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

2017-ல் பின்லாந்தின் லாத்தி நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு வெனிசுவேலாவிலிருந்து வந்த அட்ரியன் சொலானோ அடிக்கடி இடறி விழுந்ததைப் பார்த்து உலகமே நகைத்தது. சுவீடனுக்குப் பயிற்சிக்காகப் புறப்பட்ட அவரைப் பாரிஸ் நகரில் குடியேற்ற அதிகாரிகள் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதையும், சக்கரம் பொருத்திய பலகைகளில் மட்டுமே பழகிய அவர் பனியில் முதன்முதலாகக் கால் வைத்ததே அந்தப் பின்லாந்துப் பயணத்தில்தான் என்பதையும் நகைத்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? போட்டிக்கு அழைப்பவர்கள், வந்து சேருவதற்கான வழியையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர்கள்.

வளரும் நாடுகளுக்கெனச் சம்மேளனம் பயிற்சி முகாம்களை நடத்தி வருவதை நான் மறக்கவில்லை. ஆனால் சலுகையாகக் கொடுப்பது வேறு, விதியாக எழுதுவது வேறு. ஒவ்வோர் உலகச் சாம்பியன் போட்டியிலும் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும், தனிக் கூடம் வைத்துக்கொள்ள இயலாத நாட்டினருக்கெனப் பொது மெழுகுக் கூடம் ஒன்றை நிபுணர்களோடும் இரவல் பலகைகளோடும் அமைத்துத் தருவது போட்டியை நடத்துகிறவர்களின் கட்டாயக் கடமை என்று விதிநூலில் எழுத வேண்டும். குளிரின் அளவை எழுதிய கைக்கு இதையும் எழுதுவது கடினமன்று. வாசாலொப்பெட்டில் வழியோர நிலையங்களில் சாமான்யப் பந்தயக்காரரின் பலகைக்கும் மெழுகு பூசித் தருகிறார்கள்; ஒரு நாட்டின் பிரதிநிதியாக வந்து நிற்பவருக்கு அந்தச் சகாயம் மறுக்கப்படலாகாது. சொந்தக் கூடம் வைத்திருக்கும் நாடுகள் இதனால் எதையும் இழக்கப்போவதில்லை.

இந்தியருக்கும் இதில் அக்கறை உண்டு. கொலோஞா வென்ற அதே பந்தயத்தில் ஜம்மு-காஷ்மீரைச் சேர்ந்த நதீம் இக்பால் ஓடினார். 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால், சோச்சித் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவரும் தேசியக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தார்கள். சங்கத்தின் மீதான தடை நீங்கியது விழா முடிந்த சில நாட்களுக்குப் பிறகு. நிர்வாகிகளின் பூசலுக்கு வீரர்கள் கொடுத்த விலை அது. 2018-ல் பியோங்சாங்கில் ஜக்தீஷ் சிங் இதே 15 கிலோமீட்டரில் ஓடினார். குல்மார்க்கின் சரிவுகளில் பயின்று, உலகின் மிகச் சிறந்தவர்களோடு ஒரே தடத்தில் நிற்கத் துணியும் இளைஞர்களுக்கு நம் விளையாட்டு நிர்வாகம் செய்யவேண்டிய முதற்காரியம் பணச் செலவு கூட இல்லாதது: பருவம் தொடங்கும் முன்பே, அவர்களோடு செல்லும் பயிற்சியாளர் யார், பலகைக்கு மெழுகு பூசுபவர் யார், விசாவுக்கும் பிரயாணத்துக்கும் பொறுப்பேற்பவர் யார் என்று பெயர் குறித்து அறிவிக்க வேண்டும், புறப்படும் நாளுக்கு முந்தின வாரத்தில் அந்தப் பெயர்களை மாற்ற எவருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.